சொதியைக் கொதிக்க விடாதீங்க: வீட்டுக்குள்ள இருக்கிற சின்னச் சந்தோஷங்கள்

இந்த வார எபிசோடை திருநெல்வேலியில எங்க வீட்டு மாடி ரூம்ல இருந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி காத்துச் சத்தம் கேட்டா மைக் பிரச்சினைன்னு நினைச்சுடாதீங்க. இது சாரல் சீசன். பொதிகை மலைப் பக்கம் மழை பெய்யும், தாமிரபரணியில தண்ணி வரத்து கூடும். ஊருக்குள்ள இருக்கிற எங்களுக்குப் பெரும்பாலும் இந்தக் காத்துதான் வரும். அதுவே போதும்னு இருக்கும்.

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். போன செவ்வாய்க்கிழமை ராத்திரி என்ன சாப்பிட்டீங்க? யார் கூட இருந்தீங்க? ஞாபகம் இல்லைன்னா கவலைப்படாதீங்க, நிறைய பேருக்கு இருக்காது. ஆனா போன வருஷ மூணாறு டிரிப்புல எந்தக் கடையில டீ குடிச்சோம்னு கேட்டா உடனே சொல்லிடுவோம்.

இன்ஜினியர் மூளை, அதனால ஒரு சின்னக் கணக்கு. வருஷத்துக்கு ரெண்டு டிரிப், சில கல்யாணம், தீபாவளி, பொங்கல், சம்பளம் ஏறின நாள். எல்லாம் சேர்த்து தாராளமா 20 நாள்னு வச்சுக்குவோம். மிச்சம் 345 நாள் சாதாரண நாள். சந்தோஷத்தை எல்லாம் அந்த 20 நாள்லயே தேடினா, மிச்ச 345 நாளும் காத்திருப்பாவே போயிடும். அந்த நாட்கள்ல, அதுவும் வீட்டுக்குள்ள, சந்தோஷம் எப்படி வேலை செய்யுது, எங்க தடைபடுதுங்கிறதுதான் இன்னைக்கு விஷயம்.

பெரிய சந்தோஷம் சின்னதை என்ன செய்யும்?

மனுஷன் எதுக்கும் பழகிடுவான். புது போன் வாங்கின முதல் வாரம் அதுக்குக் கவர், கண்ணாடி, ராஜ மரியாதை. மூணாவது மாசம் அது வெறும் போன். 1971-ல பிலிப் பிரிக்மன், டொனால்ட் கேம்பல்னு ரெண்டு உளவியலாளர்கள் இந்தப் பழக்கத்தை ட்ரெட்மில்லோட ஒப்பிட்டாங்க. ஓடிக்கிட்டே இருப்போம், ஆனா நின்ன இடத்துலயே இருப்போம்.

1978-ல பிரிக்மனும் ரெண்டு சகாக்களும் சேர்ந்து அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல லாட்டரியில பெரிய தொகை ஜெயிச்ச 22 பேரை ஆராய்ஞ்சாங்க. அதே பகுதியில ஜெயிக்காத 22 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. மொத்த சந்தோஷத்துல ரெண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லைங்கிறது பிரபலமான முடிவு. எனக்குச் சுவாரசியமா பட்டது இன்னொண்ணு. நண்பரோட பேசுறது, காலைச் சாப்பாடு, ஒரு ஜோக் கேட்கிறது, டிவி பார்க்கிறது மாதிரியான அன்றாட விஷயங்கள்ல எவ்வளவு சந்தோஷம் கிடைக்குதுன்னு கேட்டப்போ, ஜெயிச்சவங்க குறைச்சலாத்தான் மார்க் போட்டாங்க.

22 பேர்ங்கிறது சின்ன எண்ணிக்கை, அதை வச்சு உலகத்துக்கே விதி எழுத முடியாது. ஆனா நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. ரிசார்ட்ல மூணு நாள் இருந்துட்டு வந்து, திங்கட்கிழமை வீட்டு இட்லியைப் பார்க்கும்போது வர்ற அந்தச் சலிப்பு நமக்கே தெரியும். இட்லி மாறலை. அதுக்குப் பக்கத்துல வச்சுப் பார்க்கிற விஷயம் மாறிடுச்சு.

மனசு எங்க இருக்கு?

ரெண்டாவது தடை, நாம வீட்டுல இருந்தாலும் மனசு அங்க இருக்கிறதில்லை. 2010-ல மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் ரெண்டு பேரும் 'சயின்ஸ்' இதழ்ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒரு ஐபோன் ஆப் மூலமா 2,250 பேர்கிட்ட, பகல்ல திடீர் திடீர்னு மூணு விஷயம் கேட்டாங்க: இப்போ என்ன செய்றீங்க, மனசு அதுல இருக்கா, எப்படி உணர்றீங்க? கிட்டத்தட்ட 47 சதவீதம் நேரம் மனசு வேற எங்கேயோ இருந்தது. அப்படி அலையும்போது மக்கள் சந்தோஷம் குறைவா இருக்குன்னு சொன்னாங்க. என்ன வேலை செய்றோம்ங்கிறதைவிட, மனசு அதுல இருக்காங்கிறதுதான் அந்த நேரத்துச் சந்தோஷத்தைக் கூடுதலா காட்டிக் கொடுத்துச்சு.

நம்ம பாஷையில சொன்னா, கையில தோசை இருக்கு, பிராசஸர் மட்டும் நாளைக்குக் காலை ஸ்டாண்ட்அப் மீட்டிங்கை ஓட்டிக்கிட்டு இருக்கு.

ஃபிரெட் பிரையன்ட்னு ஒரு அமெரிக்க உளவியலாளர், ஜோசப் வெரோஃப் கூடச் சேர்ந்து 2007-ல இதுக்குன்னே ஒரு புத்தகம் எழுதினார். நல்லது நடக்கிறது ஒண்ணு, அதை ருசிக்கிறது இன்னொண்ணு, ருசிக்கிறது ஒரு தனித் திறமை, பழகிக்க முடியும்ங்கிறார். அதுக்கு மூணு காலம் இருக்கு: வரப்போறதை எதிர்பார்க்கிறது, நடக்கும்போது அனுபவிக்கிறது, முடிஞ்ச பிறகு நினைச்சுப் பார்க்கிறது. அடுத்தவங்ககிட்ட பகிர்ந்துக்கிட்டா ருசி கூடும்ங்கிறதையும் அவர் அழுத்திச் சொல்றார்.

எங்க ஊர்க்காரர் ஒருத்தர்

இந்தத் திறமையை ஆயுசு முழுக்கப் பழகின ஒருத்தர் எங்க ஊர்ல இருக்கார். எழுத்தாளர் வண்ணதாசன். இயற்பெயர் கல்யாணசுந்தரம், கல்யாண்ஜிங்கிற பேர்ல கவிதையும் எழுதுறார். 1946-ல பிறந்தவர், 1962-ல எழுத ஆரம்பிச்சார். பார்த்தது வங்கி வேலை. அதாவது நம்மள மாதிரி ஆபீஸ் போய், கணக்கு முடிச்சு, வீடு திரும்பின ஆள். அவரோட அப்பா விமர்சகர் தி.க.சி. 2000-ல அப்பாவுக்கு சாகித்ய அகாடமி விருது, 2016-ல 'ஒரு சிறு இசை' தொகுப்புக்காக மகனுக்கும் அதே விருது.

அவர் கதைகள்ல கொலை, துரத்தல், கிளைமாக்ஸ் ட்விஸ்ட் எல்லாம் தேடினா ஏமாந்துடுவீங்க. தார்சா, வளவு, அடுக்களை, அங்க புழங்குற மனுஷங்க, அவ்வளவுதான். தார்சான்னா எங்க ஊர் பழைய வீடுகள்ல தெருவைப் பார்த்த முன்கட்டு. வளவுன்னா ஒரே வாசலுக்குள்ள வரிசையா இருக்கிற வீடுகள். இந்தச் சின்ன இடத்தைப் பார்த்துப் பார்த்தே ஐம்பது வருஷத்துக்கு மேல எழுத முடியும்னா, பார்க்கிறதுக்கு அங்க எவ்வளவு இருக்கணும்!

ஆனா அவரைப் படிச்சா, சின்னச் சந்தோஷம்ங்கிறது வெறும் இனிப்பான விஷயம் இல்லைன்னு தெரியும். 'நிலை'ன்னு ஒரு கதை. ஊரே தேர் பார்க்கப் போகுது. ஒரு வீட்டுல வேலை செய்ற கோமுங்கிற சிறுமிக்கும் தேர் பார்க்க ஆசை. ஆனா வீட்டைப் பார்த்துக்கச் சொல்லி அவளை விட்டுட்டுப் போயிடுறாங்க. மத்தவங்க தேர் பார்த்த சந்தோஷத்துக்குப் பின்னாடி, வீட்டுல ஒருத்தி நின்னுக்கிட்டு இருக்கா. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு தெரிஞ்சா, அந்தக் கதை இன்னும் கனக்கும்.

சின்னச் சந்தோஷத்தை யார் தயார் பண்றா?

'அன்றாடத்தை ரசியுங்கள்'னு சொல்ற ரீல்ஸ்ல பெரும்பாலும் ஒரு விஷயம் விட்டுப்போகுது. ஃபில்டர் காபி, மழை, ஜன்னல். சரி, அந்த காபியைப் போட்டது யாரு? டம்ளரைக் கழுவப்போறது யாரு?

2019-ல இந்திய அரசு நடத்தின நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இருக்கு. 6 வயசுக்கு மேற்பட்டவங்க ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறாங்கன்னு பார்த்தது. சமையல், துவைக்கிறது, சுத்தம் பண்றதுன்னு சம்பளமில்லாத வீட்டு வேலைகள்ல பெண்கள் 81 சதவீதம் பேர் ஈடுபடுறாங்க, ஆண்கள் 26 சதவீதம் பேர்தான். ஈடுபடுறவங்களை மட்டும் எடுத்துக்கிட்டாலும், பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியா 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம்.

வித்தியாசம் 202 நிமிஷம். ஒரு முழுநீளப் படத்தை இடைவேளையோட பார்த்துட்டு, வெளிய வந்து டீயும் குடிச்சுட்டு வரலாம். தினமும்.

மேல சொன்ன ஆய்வோட இதைச் சேர்த்துப் பாருங்க. ருசிக்கணும்னா மனசு அங்க இருக்கணும். அடுத்து செய்ய வேண்டிய நாலு வேலை தலைக்குள்ள ஓடுறவங்களுக்கு மனசு எப்படி அங்க நிக்கும்? அவங்ககிட்ட போய் 'இந்த நொடியில வாழுங்க'ன்னு சொல்றது, நூறு டேப் திறந்திருக்கிற லேப்டாப்பைப் பார்த்து 'ஏன் ஸ்லோவா இருக்கே'ன்னு கேட்கிற மாதிரி. முதல்ல டேப்பை மூடணும். வீட்டுல அதுக்கு வழி, வேலையைப் பங்கு போடுறது.

ஞாயித்துக்கிழமை சொதி

எங்க வீட்டு ஏற்பாட்டைச் சொல்றேன். நான் வீட்டுல இருந்தே வேலை பார்க்க ஆரம்பிச்ச பிறகு வந்தது இது.

திருநெல்வேலிச் சொதி தெரியும்ல? கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுற மறுவீட்டுச் சாப்பாட்டுல இதுதான் நாயகன். தேங்காயைத் துருவி, அரைச்சு, மூணு பால் எடுக்கணும். மூணாம் பாலும் ரெண்டாம் பாலும் ஊத்தி முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸை வேக வைக்கணும். வேக வச்ச சிறுபருப்பு, இஞ்சி, பச்சை மிளகாய் எல்லாம் சேரணும். கெட்டியான ஒண்ணாம் பால் கடைசியில. ஊத்தின பிறகு கொதிக்கக் கூடாது, கொதிச்சா திரிஞ்சிடும். ஓரத்துல நுரை கூடும்போதே அடுப்பை அணைச்சு, கொஞ்சம் ஆறின பிறகு எலுமிச்சம்பழம் பிழியணும். தொட்டுக்க இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு சிப்ஸும்.

ஒரே ஆள் செஞ்சா இது அரைநாள் வேலை. அதனால எங்க வீட்டுல அப்பா தேங்காய் துருவுவாங்க. காய் வெட்டுறதும், கடைசியில அடுப்பைப் பார்த்துக்கிறதும் நான். உப்பு, காரம், எப்போ ஒண்ணாம் பால் ஊத்தணும்ங்கிறதெல்லாம் அம்மா கையில. அந்தக் கடைசி ரெண்டு நிமிஷம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'எய்யா, போனைக் கீழ வை. நுரை கூடுதா பாரு'ன்னு அம்மா சத்தம் வரும். நோட்டிஃபிகேஷன் பார்க்க முடியாது, பார்த்தா சொதி திரிஞ்சிடும். எந்தத் தியான ஆப்பும் என்னை இவ்வளவு ஒழுங்கா ஒரு இடத்துல நிறுத்தினதில்லை.

அப்புறம் ஒரு ரூல்: மூணு பேரும் ஒரே நேரத்துல உட்காரணும், யாருக்கு என்ன வேணுமோ அவங்கவங்களே எடுத்துக்கணும். முதல் தடவை அப்படி உட்கார்ந்தப்போ அம்மா ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு, 'சூடா சாப்பிட்டா இது வேற ருசியால்லா இருக்கு'ன்னு சொன்னாங்க. முப்பது வருஷமா அந்தச் சொதியை வைக்கிறவங்க அவங்க. அப்பா ஒண்ணும் சொல்லலை. அடுத்த வாரம் கேட்காமலே தேங்காயை உடைச்சுட்டு உட்கார்ந்துட்டாங்க.

பிரையன்ட் சொன்ன மூணு காலமும் இதுல இருக்கு பாருங்க. சனிக்கிழமை சந்தையில முருங்கைக்காய் வாங்கும்போதே எதிர்பார்ப்பு. சாப்பிடும்போது அனுபவம். திங்கட்கிழமை 'நேத்து சொதி எப்படி?'ன்னு ஒரு பேச்சு. ஒரு மணி நேரச் சாப்பாடு மூணு நாளைக்கு நீளுது.

நீங்க என்ன செய்யலாம்?

மூணு விஷயம். ஒண்ணு, சந்தோஷத்துக்குன்னு புதுசா எதையும் சேர்க்காதீங்க. ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு பத்து நிமிஷத்தைத் தேர்ந்தெடுத்து, போனை வேற ரூம்ல வைங்க. ரெண்டு, அன்னைக்குப் பிடிச்ச ஒரு சின்ன விஷயத்தை யார்கிட்டயாவது வாய்விட்டுச் சொல்லுங்க. 'ரசம் நல்லாருந்துச்சு'ன்னு சொல்றதுகூடப் போதும். பேச்சிலர் ரூம்ல இருக்கிறவங்க ரூம்மேட்கிட்ட சொல்லலாம், வீட்டுக்கு போன் போட்டும் சொல்லலாம். மூணு, ஒரு வேலையை முழுசா எடுத்துக்கோங்க. 'ஹெல்ப் பண்றேன்'னு சொன்னா, ஞாபகம் வச்சுக்கிற பாரம் அவங்க தலையிலேயே இருக்கும். பால் வாங்குறது உங்க வேலைன்னா, பால் தீர்ந்துபோச்சான்னு பார்க்கிறதும் உங்க வேலைதான்.

இதுக்கு எல்லை உண்டு, அதையும் சொல்லிடணும். முன்னாடி பிடிச்ச எதுவுமே ரெண்டு வாரத்துக்கு மேல பிடிக்காம, சாப்பாடு, தூக்கம், வேலைன்னு எல்லாத்தையும் அது பாதிச்சா, அது மனச்சோர்வு நோயோட அறிகுறியா இருக்கலாம். அதை காபியும் மழையும் சரி பண்ணாது. டாக்டரைப் பாருங்க. அரசோட டெலி மானஸ் உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் பேசலாம், தமிழ்லயும் பேசலாம்.

இந்த வார ஹோம்வொர்க் ரொம்பச் சின்னது. இன்னைக்கு ராத்திரி உங்க வீட்டுல யார் கடைசியா சாப்பிட உட்கார்றாங்கன்னு பாருங்க. நாளைக்கு அவங்களை முதல்ல உட்கார வச்சு, சூடா ரெண்டு தோசை நீங்க ஊத்திக் கொடுங்க. முகத்தைப் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம் மக்களே!