தட்டில் ஓர் ஆலமரம்

பூதிகோட்டை, ஹைதர் அலி பிறந்த ஊர். 1760இல் பெங்களூர் லால்பாக் தோட்டத்துக்கு வித்திட்டவரும் அவரே. தங்கவயல் பக்கத்துத் தமிழர்களாகிய நமக்கு இரண்டுமே பழகிய இடங்கள்தாம். ஆனால் லால்பாக்கில் போன்சாய் மரங்களுக்கென்றே ஒரு தனிப்பகுதி உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருப்போம்?

போன்சாய் என்ற ஜப்பானியச் சொல்லுக்குத் ‘தட்டில் நட்டது’ என்று பொருள். சீனத்தில் பிறந்து ஜப்பானில் வளர்ந்த கலை இது. இதைச் செய்து பழக வேண்டும் என்ற ஆவலில், பெங்களூரில் நடந்த ஒருநாள் பயிற்சிக்குச் சென்றிருந்தேன். கற்பித்தவர் பல்லாண்டுகளாக இதிலேயே ஊறிய பெரியவர். ஆளுக்கொரு செடி கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பூதிகோட்டையில் ஒரு பழஞ்சுவர் வெடிப்பில் முளைத்து, பிறகு என் வீட்டுத் தொட்டியில் வளர்ந்த ஆலங்கன்றை நான் எடுத்துப் போனேன்.

“ஐயா, வளர வேண்டிய மரத்தைக் குட்டையாக்குவது பாவம் இல்லையா?” என்று தொடக்கத்திலேயே ஓர் அம்மையார் கேட்டுவிட்டார். என் மனத்திலும் இருந்த கேள்விதான். பெரியவர் சிரித்துக்கொண்டே, “முதலில் வேலையைப் பார்ப்போம் அம்மா” என்றார்.

செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, ஒரு குச்சியால் வேரைச் சிக்கெடுத்தோம். தடித்த ஆணிவேரை வெட்டச் சொன்னார். எனக்குக் கை நடுங்கியது. வெட்டிய இடத்தில் பால் கசிந்தது. “உணவும் நீரும் உறிஞ்சுபவை மெல்லிய சல்லிவேர்கள். ஆணிவேரை வெட்டினால் அவை பெருகும்” என்றார். வேர் குறைந்த அளவுக்குக் கிளையும் இலையும் குறைய வேண்டுமாம். இல்லாவிட்டால் இருக்கிற வேரால் அத்தனை இலைக்கும் நீர் கொடுக்க முடியாது.

கிளையை வளைக்க அலுமினியக் கம்பியைச் சாய்வாகச் சுற்றினோம். கம்பி பட்டையில் பதியுமுன் அவிழ்த்துவிட வேண்டும். தட்டின் துளைகளை வலைத்துண்டால் மூடி, சலித்த செங்கல் துண்டு, பருமணல், மக்கிய எரு கலந்து நிரப்பி, செடி ஆடாமல் கட்டி நட்டோம். நீர் கீழே வழியும்வரை ஊற்றினோம். இரண்டு மூன்று வாரம் நிழல். ஒரு மாதம் வரை உரம் கூடாது.

பிறகுதான் பெரியவர் அந்த அம்மையாரிடம் திரும்பினார். “பட்டினி போட்டு மரத்தைச் சிறிதாக வைத்திருக்க முடியாது அம்மா, செத்துப்போகும். வெயில், நீர், உரம் எதிலும் குறை வைக்காமல் நுனியை மட்டும் கிள்ளி வருகிறோம். இதோ, சுவரில் முளைத்த இந்த ஆலுக்கு அங்கே யார் தண்ணீர் ஊற்றினார்கள்?” என்று என் செடியைக் காட்டினார். அம்மையார் பதில் சொல்லவில்லை. தம் செடிக்கு இன்னொரு குவளை நீர் ஊற்றினார்.

வாஷிங்டன் நகரின் தேசிய மரப்பூங்காவில் 1625 முதல் தட்டில் வளரும் ஜப்பானிய வெண்பைன் ஒன்று இருக்கிறது. யமாகி குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பேணிய மரம். 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அங்கிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் அவர்கள் வீட்டில் இருந்தது. மதில் மறைவில் பிழைத்தது. 1976இல் அம்மரத்தை அமெரிக்காவுக்கே பரிசளித்தார்கள். குண்டுக்குத் தப்பிய மரம் என்பது, 2001இல் பேரப்பிள்ளைகள் காண வந்தபோதுதான் அங்குள்ளோருக்குத் தெரிந்தது. மண் மாறியும் மரம் வாழ்கிறது; ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் நீர் ஊற்றியதால்.

தோட்டமில்லாத அடுக்குமாடி வீட்டிலும் வெயில் படும் பால்கனி இருந்தால் போதும், நீங்களும் தொடங்கலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். ஆழமற்ற தட்டு சீக்கிரம் காய்ந்துவிடும். கோடையில் இரண்டு நாள் நீரில்லாவிட்டால் மரம் போய்விடும். பிள்ளைகளின் விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் குடும்பங்கள், தண்ணீர் ஊற்ற நல்ல அண்டை வீட்டாரைத் தேடி வைத்துக்கொண்டு, பிறகு தட்டு வாங்கக் கடைக்குப் போங்கள்.