எலிக்ஸிர் என்று எழுதியிருந்ததால்…

1932இல் ஜெர்மனியின் பேயர் ஆய்வகத்தில் இரண்டு வேதியியலாளர்கள் ஒரு சிவப்புச் சாயத்தைத் தயாரித்தார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி ஏற்றிய எலிகளுக்கு கெர்ஹார்ட் டோமாக் அதைக் கொடுத்துப் பார்த்தார். எலிகள் பிழைத்துக்கொண்டன. புரோன்டோசில் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. லண்டன் குயின் சார்லட்ஸ் மருத்துவமனையில் பிரசவக் காய்ச்சல் கண்ட 38 பெண்களுக்கு லியோனார்ட் கோல்ப்ரூக் அதைக் கொடுத்தார். இறந்தவர்கள் மூவர்தான். பிள்ளை பெற்ற வீட்டில் சாவு விழுவதை விதியென்று ஏற்றிருந்த காலம் அது.

1935இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தார் உண்மையைக் கண்டார்கள். நோயைத் தீர்த்தது சாயமல்ல. உடலுக்குள் அது உடையும்போது பிரியும் சல்ஃபானிலமைடு. வியன்னாவில் பால் கெல்மோ 1908லேயே தயாரித்துவிட்ட பொருள் என்பதால், அதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியவில்லை. கம்பெனிக்கு ஒரு பெயரில் மாத்திரைகள் குவிந்தன. பின்னர் வந்த சல்ஃபாபிரிடின் என்ற இன்னொரு சல்ஃபா மருந்துக்கோ சோதனை எண்ணே பெயராகிவிட்டது: ‘எம் அண்ட் பி 693’. 1943இல் நிமோனியாவில் படுத்த சர்ச்சிலுக்கும் சல்ஃபா மருந்துதான் கொடுத்தார்கள்.

இந்தப் பெயர்க் கூட்டத்தில் ஒன்று மட்டும் நெஞ்சை அறுக்கிறது. சல்ஃபானிலமைடு தண்ணீரில் எளிதில் கரையாது. மாத்திரை விழுங்காத குழந்தைகளுக்கோ சிரப் வேண்டும். 1937இல் அமெரிக்காவின் டென்னசியில் ஒரு கம்பெனி அதை டைஎத்திலீன் கிளைகாலில் கரைத்து, ராஸ்பெரி சுவை சேர்த்து, ‘எலிக்ஸிர் சல்ஃபானிலமைடு’ என்று விற்றது. சுவை, மணம், நிறம் எல்லாம் பார்த்தார்கள். நஞ்சா என்று பார்க்கவில்லை. சிறுநீரகம் செயலிழந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்; அவர்களில் குழந்தைகள் பலர்.

நஞ்சை விற்றது அன்றைய சட்டப்படி குற்றமில்லை! எலிக்ஸிர் என்றால் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை. தவறான பெயர் என்ற அந்த ஒரே குற்றச்சாட்டை வைத்துத்தான் அதிகாரிகள் ஊர் ஊராக அலைந்து பாட்டில்களைக் கைப்பற்றினார்கள். வெறும் ‘கரைசல்’ என்று லேபிள் ஒட்டியிருந்தால் அந்தப் பிடியும் இருந்திருக்காது. விற்பனைக்கு முன்பே மருந்தின் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்று 1938இல்தான் சட்டம் வந்தது.

2025இல் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பைக் குடித்த மத்தியப் பிரதேசக் குழந்தைகள் இறந்தார்கள். சிரப்பில் இருந்தது அதே டைஎத்திலீன் கிளைகால். தொகுதிதோறும் மூலப்பொருளைச் சோதிக்க வேண்டும் என்ற விதி நம்மிடம் இருக்கிறது. சோதிக்காமல் அனுப்பியவர்களையும், அதைக் கண்காணிக்கத் தவறியவர்களையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.