கோழிக்கும் வேண்டும் கதிரவன் ஒளி



சென்ற ஆண்டு நம் பள்ளி மாணவன் ஒருவன் தோல்முட்டை ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். "ஐயா, எங்கள் கோழிகள் ஏன் இப்படி முட்டையிடுகின்றன? விற்க முடியவில்லையே என்று அம்மா வருந்துகிறார்" என்றான்.

அவன் பெற்றோர் விடியுமுன் பெரட்டுக்குச் சென்றுவிடுவர். திருட்டுக்கும் நாய்க்கும் அஞ்சி, தகரக்கூரைக் கூண்டில் கோழிகளை நாள் முழுதும் அடைத்து வைத்திருந்தனர். தீனியோ நொய்யும் தேங்காய்ச் சக்கையுமே. குறை அங்கேதான் இருந்தது.

முட்டை ஓட்டின் பெரும்பகுதி சுண்ணாம்பே. ஓர் ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் உண்டு. அதனைத் தீனியிலிருந்து குடல் நன்கு ஈர்த்துக்கொள்ள வைட்டமின் 'டி' வேண்டும்.

இச்சத்து கோழிக்கு இருவழிகளில் கிடைக்கிறது. முதலாவது கதிரவன் ஒளி. இறகில்லாத கால்தோலில் ஒருவகைக் கொழுப்புப்பொருள் மிகுதியாக உண்டு. புறஊதாக் கதிர் பட்டதும் அது வைட்டமினாக மாறத் தொடங்குகிறது. தகரமும் கண்ணாடியும் அக்கதிரைத் தடுத்துவிடும். இரண்டாவது உணவு. மீனெண்ணெய் போன்றவற்றிலுள்ள வைட்டமின், பித்தநீரின் துணையால் கொழுப்போடு சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. எவ்வழியில் வந்தாலும், கல்லீரலிலும் பின்னர்ச் சிறுநீரகத்திலும் மாற்றம் பெற்ற பிறகே அது முழுமையாகப் பயன்படும்.

பயன் முடிந்ததும் அது சிதைந்து, பெரும்பாலும் பித்தநீர் வழியே குடலை அடைந்து எச்சத்துடன் வெளியேறும். ஒரு பங்கு மஞ்சள் கருவில் சேர்ந்து, உண்ணும் நமக்கும் நலம் தரும். ஆனால் இது நீரில் கரையாத பொருள், விரைவில் வெளியேறாது. மருந்தை அளவுக்கு மீறிக் கொடுத்தால் உடலில் தங்கி, சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியச் செய்யும். வெயிலால் அத்தீங்கு இல்லை. மிகையானது தோலிலேயே சிதைந்துவிடும்.

1920களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹார்ட், ஹால்பின், ஸ்டீன்பாக் ஆகிய அறிஞர்கள், ஒளியின்றி அடைத்து வளர்த்த குஞ்சுகளின் கால்கள் வலுவிழப்பதை ஆராய்ந்து, ஒளியின் தேவையை விளக்கினர்.

நம் மாணவன் என்ன செய்தான்? தந்தையார் கம்பிவலை வேலி அமைத்துக் கொடுத்தார். பள்ளி விட்டதும் கோழிகளைத் திறந்துவிடுவதைத் தன் கடமையாக ஏற்றான். நிழலும் நீரும் அருகில் வைத்தான். காயவைத்து இடித்த முட்டை ஓட்டைத் தீனியில் கலந்தான். சில வாரங்களில் ஓடு கெட்டிப்பட்டது, முட்டையும் விலைபோயிற்று.

நெகிரி செம்பிலானில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. காசின்றிக் கிடைக்கும் அவ்வொளியை நம் கோழிகளுக்கு மறுக்காதிருப்போமாக!