பேனாவால் பாட்டைக் காத்தவர்

வானொலியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு அத்துப்படி. பாட்டு என்றால் மூன்றரை நிமிடம், கூடினால் நான்கு. அதற்குள் ஒரு மிடறு தண்ணீர் குடித்து, அடுத்த நேயரின் அழைப்பையும் போக்குவரத்து நிலவரத்தையும் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். இந்த அளவு எங்கிருந்து வந்தது தெரியுமா? பத்து அங்குல 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டுதான் கொள்ளும். அந்தத் தட்டு கடைகளிலிருந்து மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அது பழக்கிவிட்ட அளவு இன்னும் நம்மை விடவில்லை.

அந்தத் தட்டுகள் மீது தீராத காதல் கொண்ட ஓர் ஓவியரைத்தான் இந்த வாரம் சந்திக்கப் போகிறோம். பெயர் ராபர்ட் கிரம். பெரிய பதிப்பகங்களை நம்பாமல், தான் நினைத்ததைத் தானே வரைந்து தானே விற்கும் சுயேச்சைக் காமிக்ஸ் மரபு அமெரிக்காவில் வேரூன்றியதற்கு முக்கியக் காரணமானவர். அவருடைய படங்களைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அவருடைய காதுகளைப் பற்றியும் பேச வேண்டும் என்பது என் ஆசை.

பழைய சாமான் கடையில் புதையல்

கிரம் 1943 ஆகஸ்ட் 30ஆம் நாள் பிலடெல்பியாவில் பிறந்தார். அண்ணன் சார்லஸுக்குக் காமிக்ஸ் பைத்தியம். தம்பியும் வரைந்தே ஆக வேண்டும் என்று விடாப்பிடியாக நிற்பாராம். 1958இல் இருவரும் சேர்ந்து ‘ஃபூ’ என்ற இதழைத் தயாரித்து வீடு வீடாக விற்கப் பார்த்தார்கள். வியாபாரம் படுத்துவிட்டது. வரையும் பழக்கம் மட்டும் தம்பியின் கையில் நிலைத்துவிட்டது.

அதே வயதில் இன்னொரு தேடலும் தொடங்கியது. தொலைக்காட்சியில் ஓடிய பழைய நகைச்சுவைப் படங்களின் பின்னணி இசை அந்தப் பையனை என்னவோ செய்தது. 1920களிலும் 1930களிலும் வாசிக்கப்பட்ட அந்த மாதிரி இசையை எங்கே கேட்பது? வானொலியில் அப்போது ராக் அண்ட் ரோல் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தது. தேடிப் போனபோது, பழைய சாமான் கடைகளில் யாரும் சீண்டாத 78 தட்டுகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. சில காசுக்கு ஒன்று. கடைகளில் தீர்ந்ததும், கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்குப் போய்க் கதவைத் தட்டி, “வீட்டில் பழைய தட்டு இருக்கிறதா?” என்று கேட்டு வாங்கத் தொடங்கினார்.

1962இல் வேலை தேடிக் கிளீவ்லாந்து போனார். வாழ்த்து அட்டை நிறுவனம் ஒன்றில் வரையும் வேலை கிடைத்தது. அங்கே தட்டு தேடும் பழக்கம் ஒரு நண்பரையும் தேடிக்கொடுத்தது. ஹார்வி பீக்கர் மருத்துவமனையில் கோப்பு அடுக்கும் எழுத்தர். ஜாஸ் இசையைப் பற்றி விமர்சனம் எழுதுபவர். பின்னாளில் பீக்கர் தம் அன்றாட வாழ்க்கையைக் குச்சி மனிதர்களாக வரைந்து காட்டியபோது, அதைச் சித்திரக்கதையாக வரைய முன்வந்தவர் கிரம். 1976இல் பீக்கர் சொந்தச் செலவில் வெளியிட்ட ‘அமெரிக்கன் ஸ்பிளெண்டர்’ அப்படி வளர்ந்ததுதான். 2003இல் அது திரைப்படமாகவும் வந்தது. பேருந்துக்குக் காத்திருப்பதும் கடையில் வரிசையில் நிற்பதும்கூடக் காமிக்ஸ் ஆகலாம் என்று காட்டிய அந்தப் படைப்புக்கு, இருவரையும் இணைத்த ஜாஸ் தட்டுகளே வழி திறந்தன.

குழந்தை வண்டியில் விற்ற இதழ்

1967இல் கிரம் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்ச் சேர்ந்தார். ஹிப்பிகளின் காலம். அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பாளர்கள் 1954இல் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாட்டு விதியைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த முத்திரை இல்லாத இதழைப் பெரும்பாலான கடைகள் தொடாது. கிரம் அந்தப் பக்கமே போகவில்லை. 1968 தொடக்கத்தில் அவருடைய ‘ஸாப் காமிக்ஸ்’ முதல் இதழ் வெளிவந்தது. நிறைமாதக் கர்ப்பிணியான மனைவி டேனாவுடன், குழந்தை வண்டியில் இதழ்களை அடுக்கித் தெருவில் தள்ளிக்கொண்டுபோய் விற்றார். விலை 25 காசு.

அதே ஆண்டு ஜேனிஸ் ஜோப்ளின் பாடிய ‘சீப் திரில்ஸ்’ இசைத்தட்டுக்கு அட்டை வரைந்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கட்டம் என்று சித்திரக்கதை போலவே அமைந்த அட்டை அது. இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. கிரம்முக்குக் கிடைத்தது 600 டாலர். உண்மையில் அந்த இரைச்சலான ராக் இசை அவருக்குப் பிடிக்கவே இல்லை. பிறகு ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அட்டை வரையக் கேட்டபோது, அவர்களின் இசை எனக்குப் பிடிக்காது என்று மறுத்துவிட்டார்.

முதல் ‘ஸாப்’ இதழில், நீண்ட கால்களை எட்டிப்போட்டு மனிதர்கள் நடக்கும் ஒரு பக்கம் இருந்தது. ‘கீப் ஆன் டிரக்கின்’ என்பது அதன் தலைப்பு. பிளைண்ட் பாய் ஃபுல்லர் என்ற பார்வையற்ற புளூஸ் பாடகரின் 1936ஆம் ஆண்டு இசைத்தட்டு ஒன்றே அதற்கு மூலம். அந்தப் படம் சட்டைகளிலும் லாரிகளின் சேற்றுத் தட்டுகளிலும் ஊரெங்கும் ஏறியது. பெரும்பாலானவர்கள் அனுமதியும் கேட்கவில்லை, பணமும் கொடுக்கவில்லை. வழக்கும் தலைவலியும்தான் மிச்சம். அவர் படைத்த ‘ஃபிரிட்ஸ்’ என்ற பூனை 1972இல் திரைப்படமாகிப் பணத்தை அள்ளியது. படம் பிடிக்காத கிரம், அதே ஆண்டு வரைந்த கதையில் ஃபிரிட்ஸைக் கொன்றே போட்டார். ஓடுகிற குதிரையை இப்படி நிறுத்த எத்தனை பேருக்கு மனம் வரும்?

அரக்குக்குள் ஒளிந்த குரல்கள்

புகழிலிருந்து தப்பிய கிரம் போய் ஒதுங்கிய இடம் இசை. 1970களில் நண்பர்களோடு ‘சீப் சூட் செரினேடர்ஸ்’ என்ற குழுவைத் தொடங்கிப் பாஞ்சோ வாசித்தார், பாடினார். நீள்தட்டு கோலோச்சிய அந்தக் காலத்தில் அவருடைய முதல் பதிவுகள் 78 சுழற்சித் தட்டாகவே வெளியாயின! பழைய புளூஸ் இசையை மறுபதிப்புச் செய்துவந்த நிக் பெர்ல்ஸ் என்பவருக்கு அட்டை வரைந்து கொடுத்து, கூலியாகப் பழைய தட்டுகளை வாங்கிக்கொள்வார்.

தட்டின் மீது ஏன் இவ்வளவு பைத்தியம் என்று கேட்கலாம். அதற்குத் தட்டின் கதை தெரிய வேண்டும். 78 தட்டு அரக்கால் ஆனது. மரக்கிளைகளில் பூச்சி சுரக்கும் பிசினான அந்த அரக்கின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே உலகெங்கும் போனது. அதோடு கல்தூளும் கரியும் கலந்து அச்சில் அழுத்தினால் இசைத்தட்டு. மிஸ்ஸிஸிப்பிப் பருத்திக்காட்டுப் பாடகனின் குரலும் நம் பாட்டனார் கேட்ட நாடகப் பாட்டும் ஒரே பிசினில்தான் பதிந்தன.

கீழே விழுந்தால் உடைந்துவிடும் பொருள் அது. போர்க்காலத்தில் அரக்கு தட்டுப்பட்டதால், 1942இல் அமெரிக்க அரசு அதன் பயன்பாட்டைக் கடுமையாகக் குறைத்தது. பழைய தட்டுகளைத் திரட்டி அரைத்துப் புதிய தட்டு செய்தார்கள். அரைபட்டவற்றில் என்னென்ன பாட்டு இருந்தது என்று யார் கண்டார்?

சார்லி பேட்டன் என்ற புளூஸ் பாடகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1929இல் அவர் முதலில் பாடியது பாரமவுண்ட் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கு. விஸ்கான்சினில் நாற்காலி செய்து விற்ற ஒரு நிறுவனத்தின் கிளை அது. இசைப்பெட்டி விற்க வேண்டும், அதற்குத் தட்டு வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். 1930களில் கடையை மூடியபோது, மூலப்பதிவு உலோக அச்சுகள் பழைய இரும்புக் கணக்கில் போயின. பேட்டன் 1934இல் இறந்தார். தேய்ந்து கீறல் விழுந்த தட்டுகளை யாராவது வீட்டு மூலையில் வைத்திருந்தால் உண்டு. இல்லையேல் அந்தக் குரல் இல்லை. நமக்கும் இது புதிதல்ல. நாடக மேடையை ஆண்ட எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்தார். அவர் குரல் இன்று நமக்குக் கிடைப்பது அந்தக் காலத் தட்டுகளால்தான்.

குரல் தப்பினாலும் முகம்? பேட்டன் முகத்தைக் காட்டும் புகைப்படமாக அறியப்பட்டிருப்பது ஒன்றே ஒன்று. கிரம் இங்கேதான் பேனாவை எடுத்தார். 1980இல் ‘புளூஸ் நாயகர்கள்’ என்ற 36 அட்டைகள் வெளிவந்தன. அமெரிக்கச் சிறுவர்கள் பேஸ்பால் வீரர்களின் படம்போட்ட சிறு அட்டைகளைச் சேகரிப்பார்களே, அதே மாதிரி. முன்புறம் கிரம் வரைந்த முகம், பின்புறம் வாழ்க்கைக் குறிப்பு. 1982இல் தொடக்ககால ஜாஸ் கலைஞர்கள், 1985இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் வந்தார்கள். மூன்றும் 2006இல் ஒரே நூலாக, ஒலித்தட்டோடு வெளியாயின. பேட்டனின் வாழ்க்கையையும் பன்னிரண்டு பக்கச் சித்திரக்கதையாக வரைந்தார்.

அட்டைகளைப் பாருங்கள். மங்கிய புகைப்படத்தைப் பார்த்து, சட்டைப் பொத்தான் முதல் கிதாரின் நரம்பு வரை கோடு கோடாக இழைத்திருப்பார். வழக்கமாக அவர் படங்களில் துள்ளும் கிண்டல் ஒரு முகத்திலும் இல்லை. கூலிக்குப் பாடிவிட்டுப் பெயர் தெரியாமல் போனவர்கள் அதில் கண்ணியமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரே கை, இரண்டு முகம்

கிரம்மைப் பாராட்டும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. கறுப்பினப் பாடகர்களை இவ்வளவு மரியாதையோடு வரைந்த அதே கைதான் 1960களில் கறுப்பினப் பெண்ணைக் கொச்சையான கேலிச்சித்திரமாகவும் வரைந்தது. பெண்களை அவர் சித்திரித்த விதத்தைச் சக ஓவியர் டிரினா ராபின்ஸ் தொடக்கத்திலேயே கண்டித்தார். சமூகத்தின் அழுக்கைக் காட்டத்தான் அப்படி வரைந்தார் என்பார்கள் ஆதரவாளர்கள். பார்ப்பவர் மனம் புண்படுவதை அந்த விளக்கம் துடைத்துவிடாது என்பது என் கருத்து. அவருடைய பல இதழ்கள் பெரியவர்களுக்கு மட்டுமானவை. பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். அறிமுகம் வேண்டுமென்றால் இசை அட்டைகளிலிருந்து தொடங்குங்கள். டெர்ரி ஸ்விகாஃப் இயக்கிய ‘கிரம்’ என்ற 1994ஆம் ஆண்டு ஆவணப்படம் அவருடைய குடும்பத்தின் வலியையும் ஒளிக்காமல் காட்டுகிறது. அந்த இயக்குநரும் கிரம்மின் குழுவில் வாசித்தவர், தட்டு சேகரிப்பவர்!

1991இல் கிரம், ஓவியரான மனைவி அலீனோடும் மகளோடும் தென் பிரான்சின் சோவ் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். தம் வரைபுத்தகங்கள் சிலவற்றைக் கொடுத்து வீட்டை வாங்கியதாகச் சொல்வார்கள். போகும்போது தட்டுகளும் கூடவே போயின. அங்கும் ஒரு பிரெஞ்சுக் குழுவோடு மேண்டலின் வாசித்தார். 2009இல் பைபிளின் ஆதியாகமம் ஐம்பது அதிகாரங்களையும் ஒரு வசனம் விடாமல் வரைந்து வெளியிட்டார். 2022இல் அலீன் காலமானார். கிரம் இப்போது எண்பதைத் தாண்டியவர்.

இன்று விரல் நுனியில் கோடிப் பாட்டு. அதனாலேயே எதுவும் தொலையாது என்று நினைத்துவிடுகிறோம். யாரோ ஒருவர் குப்பையில் கிடந்த தட்டை எடுத்துத் துடைத்து வைத்ததால்தான் அந்தக் கோடியில் பேட்டனும் இருக்கிறார். நம் தோட்டப்புற வீடுகளிலும் பரணிலும் என்னென்ன கிடக்கிறதோ? திருவிழாவில் பதிந்த ஒலிநாடா, உள்ளூர் இசைக்குழுவின் கேசட், தாத்தா வாங்கிய கிராமபோன் தட்டு. வீட்டைச் சுத்தம் செய்யும்போது கனமான, கறுப்பான, கீறல் விழுந்த ஏதாவது கையில் தட்டுப்பட்டால் குப்பைத்தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். அதில் பாடுவது யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, உறையின் மேல் ஒரு பேனாவால் பெயரை எழுதி வையுங்கள். வரையத் தெரியாவிட்டாலும் அந்த ஒரு வேலையை நம்மாலும் செய்ய முடியும்.