எட்டுப் புள்ளி, எட்டு வரிசை

மார்கழி பிறந்தால் பெண்கள் பத்திரிகைகளோடு கோலப் புத்தகம் இலவச இணைப்பாக வரும். ஒவ்வொரு கோலத்துக்கும் அடியில் ஒரு வரி இருக்கும்: ‘15 புள்ளி, 8இல் நிறுத்தவும், இடைப்புள்ளி.’ அந்த வரியையும் படத்தையும் பார்த்து மயிலாப்பூர் மாட வீதியில் ஒருவர் போடும் கோலமும் தி. நகரில் இன்னொருவர் போடும் கோலமும் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும். வாசலில் இருப்பது கோலம். புத்தகத்தில் இருப்பது அதன் மூலம். கணினிக்காரர்கள் மூலநிரல் என்பதும் இதைத்தான். கோலம் பொழுது சாய்வதற்குள் அழிந்துவிடும். மூலம் கையில் இருந்தால் நாளைக்கும் போடலாம், ஒரு புள்ளியைக் கூட்டி மாற்றியும் போடலாம்.

கோலத்துக்கும் நிரலுக்கும் உள்ள இந்த உறவைச் சென்னைக்காரர்கள் வெகு நாட்களுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, கோலங்களை இலக்கண விதிகளாக எழுதிக் காட்டியது. அப்போது கணினி என்பது வீட்டுக்குள் வரும் பொருளே இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் அடையாறு பக்கம் ஐஐடி வளாகத்தில் ஐபிஎம் 370 கணினி வந்து இறங்கியிருந்தது. நிரலை அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்துவிட்டு, விடைக்காகக் காத்திருக்க வேண்டிய காலம் அது.

அந்தக் காத்திருப்பை ஒழித்தவை 1980களின் வீட்டுக் கணினிகள். அவற்றில் நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்தது பிபிசி மைக்ரோ. பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் கொண்டுவந்த இயந்திரம் இது. மத்திய அரசு 1984இல் ‘கிளாஸ்’ என்ற கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கி, முதலில் நாடெங்கும் சுமார் 250 பள்ளிகளில் இதைக் கொண்டுபோய் வைத்தது. பின்னர் மொஹாலியில் உள்ள செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் இதை இங்கேயே தயாரிக்க முனைந்தது.

பார்ப்பதற்குத் தடித்த டைப்ரைட்டர் போல இருக்கும். விசைப்பலகையும் கணினியும் ஒரே பெட்டி. நினைவகம் 32 கேபி. இன்று செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதில் அடங்காது. ஆனால் சுவிட்சைப் போட்ட மறுநொடி திரையில் ஓர் அம்புக்குறி தோன்றி, ‘சொல், செய்கிறேன்’ என்று நிற்கும். நிரல் எழுதுவதற்கான கருவிகளைத் தேடி எங்கும் போக வேண்டாம். ஏகார்னின் சோஃபி வில்சன் எழுதிய பிபிசி பேசிக் மொழி, 16 கேபி அளவில், உள்ளே ஒரு சில்லிலேயே பதிந்திருந்தது.

இந்த இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது. தெரிய வைப்பது எப்படி? அதன் பெரும்பாலான திரை அமைப்புகளில் ஒவ்வோர் எழுத்தும் எட்டுக்கு எட்டு நேர்ப்புள்ளிக் கோலம். ஒரு வரிசையின் எட்டுப் புள்ளிகளுக்கும் இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு உண்டு. எந்தப் புள்ளிகள் ஒளிர வேண்டுமோ அவற்றின் மதிப்பைக் கூட்டினால் அந்த வரிசைக்கு ஓர் எண் கிடைக்கும். எட்டு வரிசைக்கு எட்டு எண். அவ்வளவுதான் ஓர் எழுத்து.

‘ட’வை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் ஒரு செங்குத்துக் கோடு, அடியில் ஒரு படுக்கைக் கோடு. முதல் ஏழு வரிசைகளில் இடக்கோடிப் புள்ளி மட்டும் வேண்டும்: 128. எட்டாவது வரிசையில் எல்லாப் புள்ளிகளும் வேண்டும்: 255. இதைக் கணினிக்குச் சொல்ல ‘விடியூ 23’ என்ற கட்டளை இருக்கிறது. விடியூ 23, 224 என்று தொடங்கி, ஏழு முறை 128, கடைசியில் 255. இனி 224ஆம் எழுத்து ‘ட’. ‘ப’வுக்கு இரு பக்கமும் கோடு, 128உம் 1உம் சேர்ந்து 129, அடியில் 255. அதை 225 என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டையும் மாற்றி மாற்றி அச்சிட்டு ‘படபட’ என்று எழுதச் சொன்னால், எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வேலிக் கம்பி போல நிற்கும். எட்டுப் புள்ளியையும் நாமே நிரப்பிவிட்டோம். நடுவில் இடைவெளி இல்லை. ‘லிஸ்ட்’ என்று தட்டினால் எழுதிய நிரல் முழுவதும் திரைக்கு வரும். 255ஐ 254 ஆக்கி, 129ஐ 130 ஆக்கினால் வலக்கோடிப் புள்ளி காலியாகும், எழுத்துகள் விலகி நிற்கும். பிழையைக் கண்டதும் திருத்தியதும் ஒரே திரையில், ஒரு நிமிடத்துக்குள்.

இப்படிச் சொந்த எழுத்து வைத்துக்கொள்ள இயந்திரம் தரும் இடம் 32. தமிழின் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. கொம்பும் காலும் சுழியும் சேர்ந்தால் இடம் போதாது. இன்னும் வேண்டுமென்றால் நிரலுக்கான நினைவகத்திலிருந்துதான் கடன் வாங்க வேண்டும்.

வேகம் போதவில்லை என்றாலும் வழி உண்டு. பேசிக் நிரலுக்கு நடுவே சதுர அடைப்புக்குறி போட்டு, 6502 என்ற அதன் செயலிக்கே புரியும் அசெம்பிளி மொழியில் எழுதலாம். மற்றக் கணினிகளில் பெரும்பாலும் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த, அந்த மொழியைச் செயலிக்கு மாற்றித் தரும் அசெம்பிளர், இதில் பேசிக்கோடு சேர்ந்தே வந்தது. எழுதியதைச் சேமிக்க, பாட்டுக் கேட்கும் சாதாரண கேசட் போதும். நிரல் கீச்சென்ற ஒலியாக மாறி, நொடிக்கு சுமார் 120 எழுத்து வீதம் நாடாவில் ஏறும்.

ஏகார்னின் அடுத்த பெரிய முயற்சி ஒரு புதிய செயலி. வில்சனும் அவருடைய சகா ஸ்டீவ் ஃபர்பரும் அதன் மாதிரியை பிபிசி பேசிக்கிலேயே எழுதிப் பார்த்தார்கள். 1985இல் பிறந்த அந்தச் செயலிதான் ஆர்ம். மாட வீதிக் கோலத்தைப் படம் பிடிக்கும் செல்போனுக்குள் ஓடுவது அதன் வாரிசு. ஆனால் அந்த போனில் ‘லிஸ்ட்’ என்று தட்டிப் பார்க்க முடியாது. கோலம் இருக்கிறது, புத்தகம் பூட்டிக் கிடக்கிறது.

பழைய இயந்திரம் கிடைக்காவிட்டாலும், அதைப் போலவே நடக்கும் மென்பொருள்கள் இன்று பிரவுசரிலேயே இலவசமாக ஓடுகின்றன. அதற்கும் முன் ஒரு கட்டம் போட்ட நோட்டை எடுங்கள். எட்டுப் புள்ளி, எட்டு வரிசை. உங்கள் பெயரின் முதல் எழுத்தை எண்களாக்கிப் பாருங்கள். ‘ப’, ‘ட’ பெயர்க்காரர்களுக்கு வேலை சுலபம். ‘ஞ’ என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும்.