தேதியாகிப்போன மரபணு

திறந்தாலே போதும், ஃபைலில் உள்ள எண்ணும் பெயரும் உருமாறிவிடுகின்றன. எக்செலுக்கு 2023-ல் வந்த அப்டேட் முதன்முறையாக அனுமதி கேட்கிறது. ஆனால் எல்லோரிடமும் அல்ல.

மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்க ஒரு சர்வதேசக் கமிட்டி இருக்கிறது. வைத்த பெயரை அது லேசில் மாற்றாது. மாற்றினால் பல ஆண்டு ஆய்வுக் கட்டுரைகள் குழம்பிப்போகும். ஆனால் 2020 ஆகஸ்டில் புதிய விதிமுறைகளை வெளியிட்டபோது, அதற்கு முந்தைய ஓராண்டு வாக்கில் மட்டும் 27 மரபணுக்களின் பெயர்களை அது மாற்றியிருந்தது. 'மார்ச்1' என்பது 'மார்ச்எஃப்1' ஆனது. 'செப்ட்1', 'செப்டின்1' ஆனது. உணவுக்குழாய்ப் புற்றுநோயோடு தொடர்புடைய 'டெக்1', 'டெலெக்1' ஆனது. காரணம் உயிரியல் அல்ல. மைக்ரோசாஃப்ட் எக்செல்.

எக்செலைப் பொறுத்தவரை 'மார்ச்1' மரபணு அல்ல, மார்ச் மாதம் முதல் தேதி. கண்ணுக்குத் தேதியாகக் காட்டினாலும் உள்ளே அது வைத்துக்கொள்வது ஓர் எண்ணை. 1900 ஜனவரி முதல் தேதியை 1 என்று கொண்டு நாட்களை எண்ணிக்கொண்டே வரும். அதன்படி 2016-ல் திறந்த ஃபைலில் 'மார்ச்1' இருந்த இடத்தில் 42430 உட்கார்ந்திருக்கும். பிழையைக் கவனித்துவிட்டு, அந்தக் கட்டத்தை மீண்டும் எழுத்தாக மாற்று என்றால் மரபணு திரும்பாது. 42430-தான் வரும்.

சிக்கலின் வேர் சி.எஸ்.வி. எனப்படும் ஃபைல் வகையில் இருக்கிறது. வங்கிகளும் பல்கலைக்கழகங்களும் அரசு இணையதளங்களும் பட்டியல்களைக் கொடுக்கும் சர்வசாதாரண வடிவம் இது. கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்துகள், அவ்வளவே. எந்தப் பத்தி தேதி, எது தொகை, எது வெறும் அடையாள எண் என்று அதில் எங்கும் எழுதியிருக்காது. திறக்கும் புரோகிராம்தான் ஊகிக்க வேண்டும். எக்செல் துணிச்சலாக ஊகிக்கும். கணக்குப்பிள்ளைகளுக்காகப் பிறந்த புரோகிராம், பார்க்கும் எதையும் எண்ணாகவோ தேதியாகவோ நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் செய்ததுதான் குற்றம்.

விஞ்ஞானிகள் இதை 2004-லேயே எழுதி எச்சரித்தார்கள். பலன் இல்லை. 2005 முதல் 2015 வரை 18 சஞ்சிகைகளில் வந்த கட்டுரைகளின் இணைப்பு ஃபைல்களை ஆஸ்திரேலியாவில் மூவர் சலித்துப் பார்த்து 2016-ல் முடிவை வெளியிட்டனர். மரபணுப் பட்டியல் இணைக்கப்பட்ட 3,597 கட்டுரைகளில் 704-ல் பிழை, அதாவது ஐந்தில் ஒன்று. 2021-ல் வெளியான மற்றொரு ஆய்வில் இது சுமார் 31 சதவீதமாக ஏறியிருந்தது. எச்சரிக்கையும் கூடியது, பிழையும் கூடியது.

ஆய்வுக்கூடத்துப் பிரச்னை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இந்திய அலுவலகங்களில் இதைவிட அதிகம் புழங்குவது ஆதார் எண். அது 12 இலக்கம். எக்செல் தன் வழக்கமான அமைப்பில் 11 இலக்கம் வரைதான் முழுதாகக் காட்டும். 12 ஆனால் சுருக்கிவிடும். 234567890123 என்ற எண், 2.34568 என்றும் அதன் பின்னால் ஈ என்ற ஆங்கில எழுத்து, கூட்டல் குறி, 11 என்றும் தெரியும். உள்ளே முழு எண் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ஃபைலை மீண்டும் சி.எஸ்.வி.யாக 'சேவ்' செய்தால், கண்ணுக்குத் தெரிந்ததுதான் எழுதப்படும். அடுத்த மேசையில் அதைத் திறப்பவருக்குக் கிடைப்பது 234568000000. ஸ்காலர்ஷிப் பட்டியலில் ஒரு மாணவியின் பெயரில் எழுத்துப் பிழையைத் திருத்தி 'சேவ்' செய்தாலே போதும், பட்டியலில் உள்ள அத்தனை பேரின் ஆதாரும் போய்விடும்.

வங்கிக் கணக்கு எண் பூஜ்யத்தில் தொடங்கினால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் உதிரும். 16 இலக்க எண்ணாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். எக்செலின் துல்லியம் 15 இலக்கத்தோடு சரி. 16-வது இலக்கம் எதுவானாலும் அதைப் பூஜ்யமாக்கிவிடும். இங்கே உள்ளே பத்திரமாக இருப்பது என்று எதுவும் கிடையாது.

தேதியில் வேறு விதமான வினை. கம்ப்யூட்டரின் பிராந்திய அமைப்பு அமெரிக்காவுக்கு வைக்கப்பட்டிருந்தால், ஏப்ரல் 3 என்ற பொருளில் எழுதிய 03/04 மார்ச் 4 ஆகிவிடும். 13/04 மட்டும், பதின்மூன்றாவது மாதம் இல்லாததால், எழுத்தாகவே நிற்கும். ஒரே பத்தியில் பாதி தப்பான தேதி, பாதி தேதியே அல்ல. பழைய பதிப்புகளில் தமிழ்ப் பெயர்ப் பட்டியலைத் திறந்தவர்களுக்கு இன்னோர் அனுபவமும் உண்டு. எழுத்துக் குறியீட்டைத் தவறாகப் படித்துவிட்டு, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் பதிலாகத் தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வேறு சில குறிகளுமாகத் திரை முழுக்கக் கொட்டிவைக்கும்.

ஊகம் மட்டுமல்ல, கொள்ளளவும் காலை வாரிய கதை உண்டு. 2020-ல் கொரோனா உச்சத்தில் இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறை, சோதனைக்கூடங்கள் அனுப்பிய சி.எஸ்.வி. ஃபைல்களைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றியது. அதில் 65,536 வரிகளுக்கு மேல் இடம் இல்லை. மிஞ்சியவை விழுந்துவிட்டன. 15,841 நோயாளிகள் சில நாட்கள் கணக்கில் வரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடுவதும் தாமதமானது.

இதற்கெல்லாம் ஒரு தடுப்பு முன்பே இருந்தது. 'டெக்ஸ்ட் இம்போர்ட் விஸார்ட்' என்ற மூன்று படி வழிகாட்டி. மூன்றாவது படியில் ஒவ்வொரு பத்தியையும் தேர்ந்து 'டெக்ஸ்ட்' என்று குறித்தால் எண் தப்பித்தது. பல அலுவலகங்களில் இதைத் தாளில் எழுதிக் கொடுத்தே ஊழியர்களைப் பழக்கினார்கள். 2017 வாக்கில் வந்த ஆஃபீஸ் அப்டேட்டில் அந்த வழிகாட்டி பட்டன் வரிசையிலிருந்து மறைந்தது. அதன் இடத்தில் வந்த 'பவர் க்வெரி' சக்தி வாய்ந்தது, சந்தேகமில்லை. ஆனால் வழக்கமான அமைப்பில் முதல் 200 வரிகளைப் பார்த்துப் பத்தியின் வகையைத் தானே முடிவு செய்கிறது. பழைய வழிகாட்டியை நீக்கவில்லை, 'ஆப்ஷன்ஸ்' பகுதிக்குள் 'டேட்டா' பிரிவில் ஒளித்து வைத்தார்கள். தேடிப் போய் டிக் செய்தவர்களுக்கே அது கிடைத்தது. ஆபத்தை அறிந்திருந்த ஊழியருக்குப் பாதுகாப்பு வழியை மறைத்துவிட்டு, அறியாதவருக்கு இரட்டைக் கிளிக்கைத் திறந்தே வைத்திருந்தது வேடிக்கை.

2023 அக்டோபரில்தான் மைக்ரோசாஃப்ட் இறங்கிவந்தது. முன்னால் உள்ள பூஜ்யத்தை நீக்குவது, நீண்ட எண்ணை 15 இலக்கத்தில் வெட்டுவது, 'ஈ' எழுத்தைக் கண்டால் அடுக்கு எண்ணாக்குவது, எழுத்தும் எண்ணும் சேர்ந்திருந்தால் தேதியாக்குவது ஆகிய நான்கையும் தனித்தனியே நிறுத்திவைக்கலாம் என்றது. சி.எஸ்.வி. ஃபைலைத் திறக்கும்போது, மாற்றவா வேண்டாமா என்று ஒரு பெட்டி கேட்கவும் வசதி செய்தது. மரபணுக்களுக்கு இது மூன்றாண்டு தாமதம். புதிய பெயர்களே நிலைத்துவிட்டன.

ஆனாலும் சும்மா இருந்தால் எக்செல் மாற்றவே செய்யும். அந்தப் பெட்டியிலேயே, மீண்டும் கேட்காதே என்று குறிக்கவும் இடம் இருக்கிறது. வேலை அவசரத்தில் எத்தனை பேர் அதைத்தான் முதலில் டிக் செய்வார்கள் என்று ஊகிக்க எக்செல் தேவையில்லை. தவிர, இந்த அமைப்பு ஃபைலோடு பயணம் செய்வதில்லை, கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடுகிறது. 2016, 2019 பதிப்புகளுக்கு இந்த வசதி வரவில்லை. அவற்றுக்கான ஆதரவையே மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. ஆகவே தலைமை அலுவலகத்தில் பூஜ்யத்தோடு திறக்கும் பட்டியல், கிளை அலுவலகத்தில் பூஜ்யம் இல்லாமல் திறக்கும். இருவரும் தங்கள் திரையில் தெரிவதுதான் சரி என்று சாதிப்பார்கள்.

பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் ஃபைலை இரட்டைக் கிளிக் செய்யாமல் இருப்பது நல்லது. ஃபைல் பெயரின் கடைசியில் உள்ள சி.எஸ்.வி.யை டி.எக்ஸ்.டி. என்று மாற்றிவிட்டு, எக்செலுக்குள்ளிருந்து திறந்தால் அந்தப் பழைய மூன்று படி வழிகாட்டி தானே வந்து நிற்கும். மூன்றாவது படியில் ஆதார், கணக்கு எண், கைபேசி எண் பத்திகளை 'டெக்ஸ்ட்' என்று குறிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மூல ஃபைலை நோட்பேடில் திறந்து, முதல் சில வரிகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு 'சேவ்' செய்யலாம்.