விமானம் தெரியாத விமானப் போர் ஓவியம்

போர் விமான ஓவியம் என்றால் நம் நினைவுக்கு வருவது எது? ஸ்பிட்ஃபயர் ஒன்று சாய்ந்து பாயும். எதிரி விமானத்தின் எஞ்சின் தீப்பிடித்து எரியும். இறக்கையில் உள்ள குறிகூடத் துல்லியமாகத் தெரியும். இத்தகைய ஓவியங்களின் அச்சுப் பிரதிகள், போரில் பறந்த விமானிகளின் கையெழுத்தோடு விற்கப்பட்டதும் உண்டு.

பால் நேஷ் 1941இல் வரைந்த ‘பிரிட்டன் போர்’ வேறு ரகம். லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்திற்குச் சொந்தமான இந்தப் படத்தை வகுப்பில் திரையில் காட்டினால், “என்ன டீச்சர், பிளேனையே காணோமே!” என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

விமானங்கள் இருக்கின்றன, பூச்சி அளவுதான். படத்தை நிறைப்பது வானமும் அதில் கிடக்கும் தடங்களும். கீழே ஓர் ஆறு வளைந்து கடலில் சேர்கிறது. கடலுக்கு அப்பால் ஐரோப்பியக் கரை. 1940 ஜூலை முதல் அக்டோபர் வரை பிரிட்டிஷ், ஜெர்மானிய விமானங்கள் மோதிக்கொண்ட வானம் இது. மிக உயரத்தில் குளிர் கடுமை. எஞ்சின் கக்கும் நீராவி அங்கே பனித்துகள்களாக உறைந்து வெண்கோடாக நிற்கும். அந்தக் கோடுகள் பின்னிக் கிடந்தால், விமானங்கள் ஒன்றையொன்று துரத்திச் சுழன்றிருக்கின்றன. கீழ்நோக்கி நீளும் கரும்புகை, அடிபட்டு வீழ்ந்த விமானத்தின் தடம். ஒருபுறம் ஒழுங்கான அணியாக வருபவை புதிய ஜெர்மானிய விமானங்கள்.

நேஷுக்கு ஆஸ்துமா, விமானத்தில் ஏறியதே இல்லை. முதலில் அவரைப் பணியமர்த்திய விமானப்படை அமைச்சுக்கு அவருடைய பாணி பிடிக்கவில்லை. விமானிகளின் உருவப்படங்களைத்தான் அது எதிர்பார்த்தது. 1940 முடிவதற்குள் அவரை விலக்கியும் விட்டது. பிறகு போர் ஓவியர் ஆலோசனைக் குழுவுக்காக அவர் வரைந்ததே இந்தப் படம்.

படத்தைப் பார்த்துக் கட்டுரை எழுதும் மாணவர்கள் பெரும்பாலும் “வானத்தில் விமானங்கள் பறக்கின்றன, புகை தெரிகிறது” என்று பட்டியல் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். சற்றுமுன் என்ன நடந்திருக்கும் என்று கேளுங்கள். “கரும்புகை கீழே நீள்கிறது, ஒரு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டிருக்க வேண்டும்” என்று எழுதினால், கண்டதற்குப் பின் ஊகம் வருகிறது. ‘-இருக்க வேண்டும்’, ‘-இருக்கலாம்’ இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கேயே காட்டிவிடலாம். முந்தையது உறுதியான ஊகம். பிந்தையது வெறும் வாய்ப்பு.

வான்குடையில் இறங்குபவர் பிரிட்டிஷ்காரரா, ஜெர்மானியரா? இதற்கு எந்த வடிவம் பொருந்தும் என்று மாணவர்களே சொல்லட்டும்.